நல்ல தண்ணீர்க் கிணறு

அப்பாடா, படகு ஏறிவிட்டார், இன்ஸ்பெக்டர் எம்பார் சார் ஏறியேவிட்டார், கையில் அந்தப் பித்தளைக் கூஜாவோடு... பிள்ளைகள் பாடம் கேட்கும் ரேடியோவை எடுத்துக்கொள்ளாமல் போகிறார், அதுதான் முக்கியம், குணசுந்தரி டீச்சர் அதை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இங்கேதான் இருக்கிறது. போன முறை வந்தபோதே இன்ஸ்பெக்டர் கறாராகச் சொல்லிவிட்டாரே, பிள்ளைகள் சும்மா கேட்டுக்கொண்டு உட்கார இது கச்சேரி இல்லையம்மா, செய்து பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் ரேடியோவை வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று. இன்று செய்து பார்த்த லட்சணம்! பாட்டிலில் நல்ல தண்ணீர், கொஞ்சம் சோப்பு, குலுக்குங்கள் குழந்தைகளே என்றது ரேடியோ, குலுக்கினார்கள், நுரை பொங்குகிறதா, ஆகா, இனி உப்பைப் போடுங்கள், நுரை அடங்கிவிடும் என்றது... எங்கே பொங்கியது? திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதந்தது. "இன்னா டீச்சர், ரேடியோ பொய் சொல்லுது!" என்று எல்லம்மா கத்தினாளே, பின்னால் இன்ஸ்பெக்டர், முன்னால் நுரைக்காத பாட்டில்கள், எந்தத் துணிச்சலில் ரேடியோவை அணைத்தாள், ஏன் வரலேன்னு நீங்களே கண்டுபிடிங்க என்று எப்படித்தான் வாய் வந்தது? சோப்பு சரியில்ல டீச்சர், பாட்டில்ல மீன் எண்ணெ கீது டீச்சர்... சோப்பை மாற்றினார்கள், பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவினார்கள், ஊஹூம். "தண்ணிய மாத்தினா?" என்றாள் எல்லம்மா. எந்தத் தண்ணீரை மாற்றுவது, ஏரிக்கரையில் இந்தக் குப்பத்துக்கு இருப்பதே ஒரு கிணறு... வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர் தொடாத மனுஷர், திருவள்ளூரிலிருந்து கூஜாவில் கொண்டுவருவதை மட்டுமே குடிப்பவர், எம்பார் சார், எழுந்து வந்தார், கூஜா மூடியைத் திருகினார், எல்லம்மாவின் பாட்டிலில் தன் கையாலேயே ஊற்றினார். பொங்கியதே! கழுத்துவரை பொங்கி வழிந்ததே! பிள்ளைகள் போட்ட கூச்சலில் அவரே சிரித்துவிட்டார். "ரேடியோ எங்கயும் போகாது, பயப்படாதேங்கோ." அந்த ஒரு வார்த்தையில் போன உயிர் திரும்பி வந்தது.

எல்லம்மா மட்டும் இன்னும் போகவில்லை, வாசலில் நின்று பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

"ஊட்டுக்குப் போகலியாடி?"

"போறேன் டீச்சர்... அவுரு ஊத்துனது நல்ல தண்ணின்னா, நாம குடிச்சிக்கினு கீறது இன்னா தண்ணி?"

குணசுந்தரி கிணற்றுப் பக்கம் பார்த்தாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த புதிதில் முதல் வாயே கரித்ததே, துப்பினாளே, பிறகு எப்போது கரிப்பது நின்றது? ஊரார் அதை நல்ல தண்ணீர்க் கிணறு என்றார்கள், அவளும் என்றாள், இன்று காலையில்கூட பாட்டில்களை அங்கேதான் நிரப்பிவரச் சொன்னாள்... தாகமாக இருந்தது, மேஜைமேல் டம்ளர் நிறைய அந்தக் கிணற்றுத் தண்ணீர் இருந்தது, எல்லம்மா அந்த டம்ளரையே பார்த்தாள்.