ஜன்னலுக்குள் அப்பாவின் திரை

என் திரையின் நடுவில் அப்பாவின் திரை திறந்தது. அஞ்சலட்டை அளவு ஜன்னல்; அதற்குள் அவருடைய மொத்தக் கணினியும். கணினி நிரல்களைப் பழுது பார்க்கிற நாங்கள் செய்வது இதுதான். யாருக்குச் சிக்கலோ, அவர் வைத்திருக்கிற மாதிரியே ஒரு முழுத் திரையை ஜன்னலுக்குள் ஓட்டுவோம். உள்ளே இருப்பது செத்து விழுந்தாலும் வெளியே நமக்கு ஒன்றும் ஆகாது. தைவானில், சின்சூ நகரத்தின் இந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத எத்தனையோ பேரின் திரைகளைத் திறந்து மூடியிருக்கிறேன். அப்பாவுடையது இதுதான் முதல் தடவை.

செய்திப் பக்கத்தைத் திறந்தால் பொட்டென்று அணைந்துவிடுகிறது என்று சொந்த ஊரான சியாயியிலிருந்து அப்பாவின் புகார். அவருடைய அமைப்புகளை அனுப்பச் சொல்லி ஓடவிட்டேன், இங்கேயும் அணைந்தது. காரணம் சீக்கிரமே சிக்கியது. எழுத்தின் அளவு ஐந்து மடங்கு; பக்கம் தாங்காமல் நிரல் விழுகிறது. மனிதர் கைதவறி எதையோ அழுத்தியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே அளவைக் குறைத்தேன். சமர்த்தாக ஓடியது. பெருமையாகப் போன் செய்தேன்.

"அப்பா, சரியாயிடுச்சு. எழுத்து தாறுமாறா பெருசா இருந்துச்சு, குறைச்சிட்டேன்."

"அதைத் தொடாத, ஆ-திங்."

"ஏன்?"

"அது அப்படியே இருக்கட்டும். வேற வழி பாரு."

எனக்குச் சிரிப்பு நின்றது. புத்தாண்டுக்குப் போனபோது மீனில் முள் எடுத்துத் தரச் சொன்னார். மகளிடம் செல்லம் கொஞ்சுகிறார் என்றல்லவா நினைத்தேன்! அம்மா போன பிறகு அவர் முகத்தை நேராகப் பார்க்கவே நான் பயந்தேன். என்ன மடத்தனம்.

"கண்ணு எப்படிப்பா இருக்கு?"

"கண்ணுக்கென்ன, கழுகுக்கண்ணு. வெக்கிறேன், வான்கோழிச் சோறு வாங்கணும். கடையில கூட்டம் சேந்துடும்."

"எதுல போறீங்க?"

"ஸ்கூட்டர்லதான். பின்ன, பல்லக்கா அனுப்பப் போற?"

சாவி குலுங்கியது. போகாதீங்க என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. ஜன்னலில் எழுத்தை மறுபடி ஐந்து மடங்காக்கினேன்.

"அப்பா, உங்க திரை என் முன்னாடிதான் இருக்கு. நீங்க எப்படிப் பாக்கறீங்களோ அப்படியே பாக்கறேன்."

சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டும் சத்தம். பிறகு செருப்பு தேய்கிற சத்தம், வாசல் வரைக்கும், மெதுவாக. போனை அணைக்காமலே நடந்து போயிருந்தார்.

நான் காதில் வைத்தபடியே இருந்தேன். ஜன்னலுக்குள் அவருடைய திரைக் கடிகாரத்தில், அந்த ஐந்து மடங்கு எழுத்தில், மணி மட்டும் தெரிந்தது. நிமிடம் ஓரத்துக்கு வெளியே போயிருந்தது.