பழைய சுவருக்குள் ஆள் இருக்கிறது

வாருங்கள், பெரியோரே, தாய்மாரே! மணிக்கூண்டைப் பார்த்தது போதும். தோரணம் கட்டிய மேடையைப் பார்த்தது போதும். இந்தக் கப்பல்துறையின் விளிம்புக்கு வந்து குனிந்து பாருங்கள். பாசி படிந்து, பாதி நீருக்குள் மறைந்து, ஒரு பழைய கற்சுவர் தெரிகிறதா? நடந்து முடிந்த ஓர் அநீதியின்மேல் இன்னோர் அநீதி அங்கே நடக்கப் போகிறது. கண்ணால் கண்டேன் என்று சொல்ல நாளைக்கு ஆள் வேண்டும். ஆகவே பாருங்கள்.

இந்நகரத்தின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் கப்பலில் தொடங்குவார்கள். எந்தக் கொடி வந்தது, எந்தக் கொடி போனது, எந்தத் துரை எந்தக் கோட்டையைக் கட்டினான் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கல்லில் தொடங்குபவர் எவரும் இல்லை. முதலில் இங்கே இருந்தது ஆற்று வாயில் ஒரு மணல்திட்டு. காற்று திரும்பும்வரை காத்திருந்த மாலுமிகள் நல்ல தண்ணீர் மொண்டுகொண்டு போனார்கள். பிறகு சரக்கை அடுக்கி வைக்க ஒரு கிட்டங்கி வந்தது. கிட்டங்கிக்குக் காவல் வந்தது. காவலுக்குக் கோட்டை வந்தது. நிலம் போதவில்லை என்றதும் நகரம் கடலுக்குள் காலை நீட்டியது. நீருக்குள் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கும் கரைக்கும் நடுவே சேற்றைக் கொட்டினார்கள். சேற்றின்மேல் தெரு போட்டார்கள். அதுதான் முதற்கரைத் தெரு. கப்பல்கள் பெருத்தன, இரண்டாம் கரைத் தெரு வந்தது. இன்னும் பெருத்தன, மூன்றாம் கரை வந்தது. இன்று முதற்கரைத் தெருவில் நிற்பவனுக்குக் கடல் தெரியாது. வங்கிக் கட்டடங்களின் முதுகுதான் தெரியும்.

இரண்டாம் கரைத் தெருவில், மழைக்காலத்தில் உப்பு பூக்கும் சுவர்களைக் கொண்ட ஒரு துறைமுகக் குவார்ட்டர்ஸ் வீட்டில் குடியிருக்கிறாள் கயிற்றுக்காரி. துறைமுகம் முழுவதும் அவளுக்கு அதுதான் பெயர். அந்த வீட்டின் சமையலறைத் தரைக்கு அடியிலிருந்து சில நாள்களில் ஒரு சத்தம் வரும். தட், தட், தட் என்று மூன்று முறை, பிறகு அமைதி. அவள் மணமாகி வந்த புதிதில் பயந்து மாமியாரைக் கூப்பிட்டாள். "தண்ணிக் குழாய்தான், பயப்படாதே" என்றாள் மாமியார். அக்கம்பக்கத்தாரும் அப்படியே சொன்னார்கள். ஊர் முழுவதும் அப்படியே சொன்னது. தண்ணீர்க் குழாய் போடாத வீடுகளிலும் அதே விளக்கம்தான். கேட்டவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அவளுடைய வேலை, நீருக்குள் இறங்குபவனின் உயிரைக் கையில் பிடித்திருப்பது. இறங்குபவன் அவள் கணவனின் தம்பி. தலைக்கவசத்துக்குள்ளிருந்து முகத்தை மெல்ல நீட்டும் அழகைப் பார்த்து ஆமை என்று பெயர் வைத்தவளும் அவளே. தலைக்கவசத்துக்குள் பேசும் கருவி உண்டு. மேலே ஒலிபெருக்கிப் பெட்டியும் உண்டு. ஆனாலும் இடுப்பில் கயிறு இல்லாமல் எவனும் இறங்குவதில்லை, கம்பி அறுந்தாலும் கயிறு பேசும் என்பதனால். ஓர் இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் தளர்த்து. மூன்று என்றால் என்னைத் தூக்கு. கீழிருந்து எது வந்தாலும் மேலிருப்பவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வது வாக்கு. மூன்றைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தூக்காமல் போனவரை அந்தத் துறைமுகம் மனித இனத்தில் சேர்ப்பதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. கயிறு பிடித்திருப்பவர் வாய் திறந்து "ஆள் இல்லை" என்று சொல்லும்வரை நீருக்குள் ஒரு கூழாங்கல்லையும் இறக்கக் கூடாது. எந்தப் பெரிய அதிகாரியும் அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தே ஆக வேண்டும்.

இன்று காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. கலவை வண்டிகள் வயிறு சுழல வரிசையில் நின்றன. மூன்றாம் கரையின் பழைய சுவரை அடியோடு கான்கிரீட்டில் மூடி, அதன்மேல் கண்டெய்னர் கப்பல்களுக்கான புதிய துறையைக் கட்டப் போகிறார்கள், நாளைக்கு விழா. சுவரின் இடுக்குகளை ஒருமுறை பார்த்துவிட்டு ஆமை ஏறிவிட்டால், கலவையை உள்ளே செலுத்துவது பம்ப் ஓட்டுபவரின் பொறுப்பு. அவர்தான் கயிற்றுக்காரியின் கணவர்.

"அண்ணி, இன்னிக்காவது முழிச்சிட்டு இருங்க. நேத்து நீங்க விட்ட கொட்டாவி எனக்குக் கீழ வரைக்கும் கேட்டுச்சு" என்றான் ஆமை, கவசத்தை மாட்டிக்கொண்டே.

"கேக்கும், கேக்கும். மண்டை காலியா இருந்தா எல்லாச் சத்தமும் எதிரொலிக்கத்தானே செய்யும்?"

"ரெண்டு பேரும் சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்க. கலவை எனக்காகக் காத்திருக்காது" என்று பம்பின் மேலிருந்து குரல் கொடுத்தார் கணவர்.

"தெரியும்ங்க. உங்களுக்காகக் காத்திருந்தவ நான் ஒருத்திதான்."

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். ஆமை நீருக்குள் மறைந்தான்.

சிறிது நேரம் கயிறு சாதுவாக ஓடியது. பிறகு அவள் உள்ளங்கையில் மூன்று இழுப்புகள் விழுந்தன. பழகிய கை யோசிக்கவில்லை. மூன்றைத் திருப்பிச் சொல்லிவிட்டு, காலை ஊன்றித் தூக்கியது. மேலே வந்த ஆமை எரிந்து விழுந்தான்.

"எதுக்கு அண்ணி இழுத்தீங்க? இப்பத்தான் சுவர்கிட்டப் போனேன்."

"நீதானே மூணு குடுத்தே?"

"நான் ஒண்ணுகூடக் குடுக்கல."

"கயித்துல விளையாடினா உங்கண்ணன்கிட்ட எல்லாம் சொல்ல மாட்டேன். நானே முதுகுல வெச்சிடுவேன்."

"சத்தியமா இல்ல அண்ணி."

நீரோட்டமாக இருக்கும் என்றார் கரையில் நின்ற மேற்பார்வையாளர். ஆமை மறுபடியும் இறங்கினான். ஒலிபெருக்கிப் பெட்டியில் அவன் மூச்சு சீராகக் கேட்டது.

"சுவர்கிட்ட வந்துட்டேன். ரெண்டு கையையும் கல்லுமேல வெச்சிருக்கேன்" என்றான்.

அவன் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கையில் மூன்று இழுப்புகள் விழுந்தன.

அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "ஆமை, கையை எடுத்தியா?"

"இல்லையே."

"கயிறு எப்படிப் போகுதுன்னு பாரு."

பெட்டியில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அண்ணி, என் இடுப்புலேருந்து நேரா மேல வரல. வளைஞ்சு, சுவர் இடுக்குக்குள்ள போயி, அங்கேருந்து மேல வருது. நான் அதுக்குள்ள விடவே இல்ல."

"மாட்டியிருக்கும். இழுத்துப் பாரு."

"இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுக்குது." அவன் குரலில் இருந்த கேலி வடிந்துவிட்டிருந்தது. "விளக்கடிச்சுப் பார்க்கிறேன்."

கலவை வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெட்டியை நோக்கி எல்லாத் தலைகளும் திரும்பின.

"உள்ள பித்தளைத் தலைக்கவசம் இருக்கு. ஒண்ணு இல்ல, வரிசையா நிக்குது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல. ரொம்பப் பழசு. அவங்க கயிறெல்லாம் மேல அடுக்கின கல்லுக்கு அடியில நசுங்கி அறுந்து தொங்குது. கண்ணாடி மங்கலா இருக்கு."

"பாசிடா அது" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

"பாசியைத் துடைச்சிட்டேன் அண்ணி. மங்கல் உள்பக்கம் இருக்கு." அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "குறையுது. மறுபடி படியுது. குறையுது. மூச்சு விட்டா கண்ணாடியில படியுமே, அந்த மாதிரி."

அவள் பெட்டியை நோக்கிக் குனிந்தாள். "கயித்தை அவுத்து விட்டுடு. ஏணியைப் பிடிச்சு ஏறி வந்துடு. இப்பவே வா!"

அவன் ஏறி வந்தான். கவசத்தைக் கழற்றியதும் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் இடுப்பில் கயிறு இல்லை. ஆனால் அவள் கையில் இருந்த கயிறோ வில் நாண்போல விறைத்து நின்றது.

மேற்பார்வையாளர் கெட்டவர் அல்லர். அருகில் வந்து, பிறர் காதில் விழாதபடி பேசினார். "அம்மா, உங்க ஆள் வெளிய வந்தாச்சு. அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க. கலவை இறுகிட்டா வண்டியோட தூக்கிப் போடணும். நாளைக்கு விழா."

"கீழ யாரோ இருக்காங்க சார்."

"இந்த ஊர்ல எந்தக் கரையைத் தோண்டினாலும் அப்படித்தாம்மா. எங்கப்பா இந்தச் சுவர்லதான் வேலை பார்த்தார். சாகறவரைக்கும் அவர் தரையில படுத்ததே இல்ல. ஏன்னு கேட்டா எழுந்து போயிடுவார்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சமையலறைத் தரை, மூன்று தட்டல், மாமியாரின் அவசர விளக்கம், தெரு முழுவதும் ஒரே குரலில் சொன்ன தண்ணீர்க் குழாய். இரண்டாம் கரைச் சுவரும் இப்படித்தான் மூடப்பட்டிருக்கிறது. முதற்கரையும் இப்படித்தான். புயல் வருகிறது என்றோ, பெரிய கப்பல் வருகிறது என்றோ, எவனோ ஒரு சீமான் திறந்துவைக்க வருகிறான் என்றோ அவசரப்பட்டிருக்கிறார்கள். நீருக்குள் ஆள்கள் கல்லடுக்கிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து கல்லை இறக்கியிருக்கிறார்கள். விதி மாறவில்லையே! அப்படியானால் ஒவ்வொரு முறையும் கயிறு பிடித்திருந்த ஒருவர் வாய் திறந்து "ஆள் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கும். அவர் காதருகிலும் ஒருவர் நின்று தாழ்ந்த குரலில் பேசியிருப்பார்.

கணவர் பம்பிலிருந்து இறங்கி வந்தார். "சொல்லிடும்மா. வேலை போச்சுன்னா குவார்ட்டர்ஸ் வீடும் போயிடும். மூணு பேரும் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"எந்தத் தெருவுலங்க? அந்தத் தெருவுக்கு அடியிலயும் ஆள் இருக்கே."

கையிலிருந்த கயிற்றை அவருக்குக் காட்டினாள்.

"நீங்க கீழ இருந்து, கயிறு வேற ஒருத்தி கையில இருந்தா, அவ என்ன சொல்லணும்னு நினைப்பீங்க? நான் மூணைத் திருப்பிக் குடுத்துட்டேங்க. தூக்கறேன்னு சொல்லிட்டேன். அவங்க அங்க கேட்டுட்டு நிக்கிறாங்க."

கணவர் கயிற்றைப் பார்த்தார். அது அவள் விரல்களுக்குள் மூன்று முறை துடித்தது. இம்முறை அவரும் பார்த்தார், மேற்பார்வையாளரும் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல அந்த இடத்தில் எவருக்கும் வாய் வரவில்லை.

கயிற்றுக்காரி நிமிர்ந்தாள். துறைமுகத்தின் வழக்கப்படி, கடைசி வண்டிவரை கேட்கும்படிக் குரலெடுத்தாள்.

"ஆள் இருக்கு!"

அந்தக் குரல் எழுந்தால் பம்ப் ஓட்டுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் கணவர் "ஆள் இருக்கு!" என்றார். கிரேனின் உச்சியிலிருந்து ஒருவன் திருப்பிச் சொன்னான். வண்டிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள். அந்தச் சொல் கிட்டங்கிகளைத் தாண்டி மூன்றாம் கரைத் தெருவரை போயிற்று. கல்லெல்லாம் அதைக் கேட்டது. கல்லுக்கு அடியிலும் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் கயிறு ஒரே ஒரு முறை இழுத்தது. நலம் என்றது.

வண்டிகளுக்குள் கலவை இறுகத் தொடங்கியது. அவள் இழுத்தாள். ஆமை எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் பிடித்தான். கணவர் அவனுக்குப் பின்னால் பிடித்தார். ஒரு முழம் வந்தது. அதற்குமேல் வரவில்லை. ஓர் ஆளின் கனமாக அது இல்லை. ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு ஒரு கூட்டமே தொங்குவதுபோல இருந்தது. அவர்கள் காலடியில் தளக்கல் ஒன்று பிளந்தது; அந்த விரிசல் மெல்ல ஊர்ந்து ஊரை நோக்கிப் போனது.

"விடும்மா! சுவர் போனா ஊரே போயிடும்!" என்று அலறினார் மேற்பார்வையாளர்.

"ஊரைத் தாங்கிட்டு நிக்கிறவங்கதான் சார் கூப்பிடறாங்க" என்றாள் அவள். கயிற்றை விடவில்லை.

பெரியோரே, மேற்பார்வையாளர் இப்போது தொலைபேசியில் வேறொரு கயிற்றுக்காரனை அழைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டதும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடும் ஆளாகப் பார்த்து அனுப்பச் சொல்கிறார். புதிய கலவை புறப்பட்டுவிட்டது. இவள் உள்ளங்கை கிழிந்து, கயிறு சிவந்துகொண்டிருக்கிறது. மூவரின் வலு இவ்வளவுதான். மண்டபத்தில் அமர்ந்து நகரத்தின் வளர்ச்சியைப் புகழ்ந்து கைதட்டும் கைகள் உங்களிடம் எத்தனை இருக்கின்றன! பாவம் என்று நீங்கள் விடும் பெருமூச்சு அவர்களுக்கு வேண்டாம். அங்கே கண்ணாடிக்குள் மூச்சு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. வெயிலைப் பாராதீர்கள், விரிசலைப் பாராதீர்கள், உங்கள் வீடு எந்தக் கரையில் நிற்கிறது என்று கணக்குப் பாராதீர்கள். வாருங்கள், அவள் கணவரின் முதுகுக்குப் பின்னால் கயிறு இன்னும் நீளமாகக் கிடக்கிறது. அதை எடுங்கள். காலை ஊன்றுங்கள். இழுங்கள்!