கெட்டி ஸ்பிரிங்

தையல்காரர் இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கியபோது என்ஜினின் இரண்டாவது ஸ்பிரிங் நழுவியது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய குட்டி லாக் ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டது.

“ஊசியில நூல் கோக்கிற கைதானே? என்னங்க இப்படி நழுவ விடுது?” என்று கட்டிலில் படுத்திருந்த மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது தன் பந்தய வண்டியின் என்ஜினைத்தான். அதைக் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலில் வைக்கச் சொன்னாள்.

வாரம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ்ஸை ஆமை வேகத்தில் ஓட்டுகிறவள், ஞாயிறானால் தரையோடு தரையாக ஓடும் அந்தக் குட்டி வண்டியில் பறப்பாள். ஆனாலும் அவளோடு பந்தயம் ஓட்டும் பல் டாக்டர்தான் எப்போதும் முதல். நேர்ப்பாதையில் முழு வேகம் எடுத்தால் இவள் என்ஜின் திக்கும். “ஸ்பிரிங் நோஞ்சான். வால்வை நேரத்துக்கு மூட மாட்டேங்குது” என்று கண்டுபிடித்து, கெட்டியான ஸ்பிரிங் இரண்டு வாங்கி வைத்தாள். மாட்டுவதற்குள் படுத்துவிட்டாள்.

தையல்காரர் லாக்கைத் தேடி எடுத்தார்.

“பிளக் ஓட்டை வழியா கயிறு திணிச்சீங்கல்ல? இல்லன்னா வால்வு உள்ள விழுந்துடும்.”

“எல்லாம் திணிச்சாச்சு, மகாராணி.”

“அப்ப நல்லா அமுக்குங்க. லாக்கை நான் போடறேன்.”

அவர் உடம்பின் பாரத்தையெல்லாம் விரலில் இறக்கினார். டம்ளரைப் பிடிக்க முடியாத அவள் கை, கிரீஸ் தடவிய லாக்கை அசையாமல் கொண்டுபோய் அதன் இடத்தில் உட்கார வைத்தது.

“இனி டாக்டர் நம்ம முதுகைத்தான் பாக்கணும்” என்று கண்ணை மூடினாள். அன்று சாயங்காலம், தூக்கத்திலேயே மூச்சு நின்றது. அவள் நகத்திலிருந்த கிரீஸை யாரையும் துடைக்க விடவில்லை அவர்.

அடக்கம் முடிந்த மறுநாள் துக்கம் கேட்க வந்த பல் டாக்டரை அவர் நேரே பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். என்ஜினை வண்டியில் பூட்டி, பின்சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றியிருந்தார். கிளப்பினார். சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, எங்கும் திக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்த உறவினர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

“யார் மாட்டினது?” என்றார் பல் டாக்டர், குரலை உயர்த்தி.

“அவதான். நான் சும்மா அமுக்கிப் பிடிச்சேன்.” தையல்காரரின் தலை நிமிர்ந்திருந்தது.

“இது பந்தயத்துக்கு வந்திருந்தா நான் ரெண்டாவதுதான்.”

“வந்திருந்தா என்ன? வரும்.”

“யார் ஓட்டுறது?”

தையல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெடிய உடம்பைக் குறுக்கி வண்டிக்குள் இறங்கினார். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தன.

“சீட்டைப் பின்னாடி தள்ளிடவா?” பல் டாக்டர் ஸ்பேனரை எடுத்தார்.

“வேண்டாம். அவ வெச்சபடி இருக்கட்டும்.”

முழங்காலை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, கால்விரலால் பெடலைத் துழாவினார்.