மேசை தட்டல்

கிரேன்காரருக்கு வாதம் வந்தது இடது காலில். வலது கையில் வந்திருந்தால் அவர் மனைவிக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். ஆனால் நோய்க்கு அந்த அளவுக்கு விவரம் போதாது. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை அது. எழுபத்து நான்கு வயதிலும் அதற்கு ஒரு குறையும் இல்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கியே ஓய்வு பெற்றவள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம். அந்த நாற்பத்தாறு வருடமும் அடி. வெந்நீர் கூடுதலாகச் சுட்டால் அடி, ஆறிப்போனால் அடி. மகளுக்குச் சின்ன வயதில் இது தெரிந்திருந்தது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் மறந்துவிட்டாள், அல்லது மறந்ததுபோல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

போன வருடம் கிரேன்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். வரும்வரை இரண்டு மணி நேரம் ஈரத்தில் கிடந்தார். பயந்துபோன மகள், முதியோருக்கான கைப்பட்டை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தாள். வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், அவர் நடப்பது, உட்காருவது, எழுவது எல்லாம் எங்கோ ஒரு கணினிக்குப் போகும். அங்கே மாடல் என்கிற ஒரு கணினி நிரல் அவருடைய அசைவுகளைப் படித்து வைத்துக்கொண்டு, விழுந்துவிட்டார் என்று நினைத்தால் உடனே உதவி மையத்துக்குச் சொல்லும். மையத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் குரல் பட்டையிலிருந்தே பேசும். கிரேன்காரர் அதைக் கழற்றவே மாட்டார். தன் உயிர்மேல் அவருக்கு அத்தனை ஆசை.

பட்டை வந்த இரண்டாம் நாள் அவர் மனைவியின் காதோடு சேர்த்து ஒன்று விட்டார். அடுத்ததற்குக் கையை ஓங்கும்போது பட்டை பேசியது. ஐயா விழுந்துவிட்டீர்களா, அடிபட்டதா, தலை சுற்றுகிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டது. ஓங்கிய கை அப்படியே நின்றது. வெளியாருக்குக் கேட்குமே. அவர் குரலைக் குழைத்துக்கொண்டு, ஒன்றுமில்லையம்மா, லேசாகத் தடுமாறிவிட்டேன் என்றார். ஐந்து நிமிடம் மரியாதையாகப் பதில் சொல்லி முடித்தபோது கோபம் வடிந்துவிட்டது. காது இரைந்துகொண்டிருந்த அவளுக்கு விஷயம் பிடிபட்டது. கை வேகமாகப் போய் எதிலாவது மோதினால், விழுந்துவிட்டதாக மாடல் எடுத்துக்கொள்கிறது.

அன்றிலிருந்து அடி எப்போதும் ஒன்றோடு நின்றது. முன்பெல்லாம் அவர் கை ஓயும்வரைக்கும். அறுபத்தொன்பது வயதில் அவள் வாழ்க்கை கொஞ்சம் உயர்ந்துதான் போயிருந்தது. விலா வலிக்காமல் புரண்டு படுக்க முடிந்தது.

ஒரு நாள் காலையில் மையத்திலிருந்து மாடலை எழுதும் பெண் நேரில் வந்தாள். மடிக்கணினியும் கையுமாக, கெட்டிக்காரப் பெண். நல்ல மனசும்கூட, அதுதான் வினையாயிற்று. மாதத்தில் பதினேழு தடவை விழுகிற ஒருவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை என்பது அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. விழுந்தால் உடம்பு கீழே போகவேண்டும், இவருக்குக் கை மட்டும்தான் போய் மோதி நிற்கிறது என்று திரையில் கோடுகளைக் காட்டினாள். ஐயா எதையாவது தட்டுவீர்களா என்று கேட்டாள்.

கிரேன்காரர் மனைவியைப் பார்க்கவே இல்லை. டிவியில் ஆட்டம் பார்க்கும்போது மேசையைத் தட்டுவேன் என்றார்.

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தட்டிக் காட்டச் சொன்னாள். அவர் தட்டினார். இன்னும் வேகமாக என்றாள். அவர் பலமாகத் தட்டினார். மேசைமேல் இருந்த டம்ளர் துள்ளியது. பத்துத் தடவை வேண்டும் என்றாள். சமையலறை வாசலில் நின்ற மனைவிக்கு ஒவ்வொன்றும் தோளிலும் முதுகிலும் விழுந்தது. பத்தும் முடிந்ததும் அந்தப் பெண் ஏதோ தட்டெழுதினாள். மேசை தட்டல் என்று மாடலுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று, இனிமேல் வீண் தொந்தரவு இருக்காது என்றாள். நாற்பத்தாறு வருடம் அடிபட்ட உடம்பை ஒரு நிமிடத்தில் மேசையாக்கிவிட்டுப் போகிறோம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்.

மனைவி வாசல்வரை கூடவே ஓடினாள்.

"அதை மாத்தாதீங்கம்மா. பழையபடியே இருக்கட்டும்."

"பயப்படாதீங்கம்மா. நிஜமா விழுந்தா கண்டிப்பா கூப்பிடும்."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளேயிருந்து கிரேன்காரர் கூப்பிட்டார். அந்தப் பெண் கையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அவர் சோதித்துப் பார்த்தார். சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், அவள் முதுகில் ஒன்று வைத்தார். வைத்துவிட்டுப் பட்டையைப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. அவள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்த பிறகும் அடித்தார். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. ஒரு பல் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

மறுநாள் மத்தியானம் குழம்பில் புளிப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இடது கையால், ஊன்றி நடக்கிற நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கால் கால் அடியாக நகர்ந்து வந்தார். அவள் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். வலது கை மேலே போனது. அவருடைய மொத்தப் பாரமும் இப்போது அந்தச் சட்டத்தில்தான் நிற்கிறது என்பதை அவள் பார்த்தாள்.

குனிந்தாள். இரண்டு கையாலும் சட்டத்தின் கால்களைப் பற்றி, ஈரப் போர்வையை இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பாகத் தன் பக்கம் இழுத்தாள்.

அவர் மல்லாக்க விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் அலறினார். தலைக்குப் பின்னால் தரையில் ரத்தம் படர்ந்தது. அவள் சட்டத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் சந்தோஷமாகவும் இருந்தது.

பட்டை பேசியது. ஐயா விழுந்துவிட்டீர்களா என்று அதே பெண்குரல்.

கிரேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "வழுக்கி விழுந்துட்டார்னு சொல்லு" என்றார், மெதுவாக.

அவள் அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கையை, அந்த வலது கையைத் தூக்கித் தன் வாயருகே பிடித்துக்கொண்டாள்.

"வழுக்கல்லாம் இல்லம்மா. நான்தான் இழுத்துவிட்டேன். நீங்க மேசைன்னு எழுதி வச்சிருக்கீங்களே, அது நான். ஆம்புலன்ஸ் அனுப்புங்க, போலீஸையும் வரச் சொல்லுங்க. வர்ற வரைக்கும் லைனைக் கட் பண்ணிடாதீங்க, நான் இன்னும் பேசணும்."