டோஸ் என்றால் கொடுத்தல்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, மருந்துக்கடையில் அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்த்ததில் பிறந்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஓர் அட்டை பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். அரைமணி கழித்து அவருடைய நாத்தனார் வந்து அதே மாத்திரையில் இன்னோர் அட்டை வாங்கினார். (அரைமணி நேரம் அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். தைலம் வாங்கப் போயிருந்தேன்.)

"ஒரே வீட்டுக்கு ரெண்டு அட்டையா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கா இருக்கும். உங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டிருந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "டைம்கீப்பர் இன்னும் மூன்று வாரத்தில் குளியலறை வாசலில் விழுந்து இற"

நிறுத்திவிட்டேன். எதிர்வீட்டு மனிதரை முதல் வரியிலேயே சாகடித்துவிட்டு, அவர் வீட்டுக்காரம்மாவிடம் எந்த முகத்தோடு ரவிக்கை தைக்கக் கொடுப்பது?

இரண்டாவது தொடக்கம் கொஞ்சம் படித்த தோரணையில் வந்தது. டோஸ் என்ற ஆங்கிலச் சொல் கிரேக்கத்திலிருந்து கிளம்பி, லத்தீனிலும் பிரெஞ்சிலும் இளைப்பாறி, ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. மூலத்தில் அதற்குப் பொருள் 'கொடுத்தல்'. அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் மருந்து மருந்துக்குக்கூட இல்லை, விழுங்குகிறவரும் இல்லை. கொடுக்கிற கை மட்டும் இருக்கிறது. தமிழில் நாம் வேளை என்கிறோம், மூன்று வேளை மருந்து என்கிறோம். நமக்கு நேரம் முக்கியம், அவர்களுக்குக் கை முக்கியம். (திட்டு வாங்குவதையும் நாம் டோஸ் என்றுதான் சொல்கிறோம். அதையும் யாராவது கொடுத்தால்தான் உண்டு.)

இந்தத் தொடக்கத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதில் ஆட்களே இல்லை.

3

ஆட்கள் மூன்று பேர்.

டைம்கீப்பர், பேருந்து நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் வண்டிகளைக் கிளப்பிவிட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று வாய்க்குள்ளேயே அறிவித்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி கீழ் அறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறார். தங்கை கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடுதி அறைகளிலேயே வாழ்நாளைக் கழித்துவிட்டு, நான்கு மாதம் முன்பு அண்ணன் வீட்டுக்கு வந்தவர்.

காலை எட்டு மணிக்கு மனைவி மாத்திரை கொடுப்பார். கொடுத்துவிட்டு மிஷினுக்கு இறங்கிவிடுவார். ஒன்பதரைக்குத் தங்கை வருவார்.

"அண்ணா, மாத்திரை போட்டீங்களா?"

டைம்கீப்பர் வாயைத் திறப்பதற்குள் பதிலும் தங்கையே சொல்லிவிடுவார். "எங்க போட்டிருப்பீங்க! அண்ணிக்குத் துணி வெட்டவே நேரம் சரியா இருக்கு. ம், கையை நீட்டுங்க."

அவர் கையை நீட்டுவார்.

4

இங்கேதான் எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. மறதிக்காரர் என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை, எந்த வண்டி எந்த வருஷம் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று சொல்லக்கூடிய ஆள். தங்கைக்குப் பயந்தவர் என்று எழுதினேன். அதுவும் பொய்.

பிறகுதான் பெட்டி ஞாபகம் வந்தது. வந்த நாளிலிருந்து தங்கை தன் பெட்டியைத் திறந்து அடுக்கவே இல்லை. சமையலில் கைவைத்தால் அண்ணி "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்பார். துணி மடித்தாலும் அதே "விடும்மா". அந்த வீட்டில் செய்ய ஒரு வேலையில்லாமல், "அடுத்த வாரம் கிளம்பறேன்" என்று நான்கு தடவை சொல்லிவிட்டார். (எதிர் ஜன்னலில் எல்லாம் கேட்கும்.) முதல் மாத்திரையைக் கொடுத்த அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து புடவைகளை அலமாரியில் அடுக்கினார்.

டைம்கீப்பர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒன்பதரைக்கு இரண்டாவது மாத்திரையையும் விழுங்கினார். அதற்கடுத்த நாளும்.

(அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே: அனெக்டோட் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். 'வெளியே கொடுக்கப்படாதது' என்று பொருள். இரண்டு மாத்திரை விஷயம் மூன்று வாரமாக எனக்குத் தெரியும். தெரு முழுக்க எதையெதையோ சொல்லித் திரிகிற நான் இதை மட்டும் சொல்லவில்லை. கதைக்கு ஆகும் என்று வைத்திருந்தேன்.)

5

விழுந்தார். சாகவில்லை. குளியலறை வாசலில் கண் இருட்டிச் சரிந்தார். நெற்றியில் நான்கு தையல். மருத்துவமனைக்கு நானும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.

டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இவ்வளவு இறங்கியிருக்கே! மாத்திரை யார் கொடுக்கறது?"

"நான்தான்" என்றார்கள் மனைவியும் தங்கையும், ஒரே நேரத்தில்.

மனைவி திரும்பி நாத்தனாரைப் பார்த்தார். பிறகு கணவரை.

"தெரிஞ்சேவா ரெண்டையும் முழுங்கினீங்க?"

"எட்டு மணிக்கு ஒண்ணு, ஒன்பதரைக்கு ஒண்ணு" என்றார் டைம்கீப்பர், கட்டுக்குக் கீழே கண்ணை மூடியபடி. "ரெண்டும் கரெக்ட் டயத்துக்குத்தான் வந்துச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆனா, தையல் போட நீங்க இருக்க மாட்டீங்க. நாளையிலேருந்து ஒரு மாத்திரை. ஒருத்தர் கை. ரெண்டாவது கை குறுக்க வரக்கூடாது."

6

மறுநாள் காலை. மேசைமேல் ஒரே ஓர் அட்டை.

"அண்ணி, நீங்களே குடுங்க. நான் யாரு?"

"ஐயோ வேண்டாம்மா. நீ படிச்சவ. நானே குடுத்து மறுபடி தப்பாச்சுன்னா?"

மனைவி கொடுப்பதாக எழுதினேன். அடுத்த பத்தியிலேயே தங்கை விடுதிக்குத் தொலைபேசி செய்தார். எழுதுகிற எனக்கே அவரை நிறுத்தத் தெரியவில்லை. தங்கை கொடுப்பதாக மாற்றினேன். எட்டு மணிக்கு மனைவி அட்டையை நாத்தனார் பக்கம் நகர்த்திவிட்டுக் கீழே போனார். முப்பது வருஷமாக எட்டு மணிக்குத் தொடங்கிய மிஷின் சத்தம் அன்று ஆறு மணிக்கே தொடங்கிவிட்டது என்று எழுதும்போதுதான், எட்டுக்குப் பிறகு ஆறு வராது என்று உறைத்தது. ஒருவர் மாத்திரையும் மற்றவர் தண்ணீரும் கொடுப்பதாக ஒரு முடிவு. சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டேன். டைம்கீப்பரே எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். நியாயம். ஒரே நாளில் இரண்டு பெண்களுக்கும் வேலை போய்விடும்.

"என்னங்க, நீங்களே சொல்லிடுங்க" என்கிறார் மனைவி. "யார் கை?"

டைம்கீப்பர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். எட்டு நாலு. அவர் பொறுப்பில் இதுவரை எதுவும் இவ்வளவு தாமதமானதில்லை.

நான் இங்கே பேனாவை மூடுகிறேன். மூன்று வாரம் வாயை மூடியிருந்தவளுக்கு இதில் தீர்ப்புச் சொல்ல வாயில்லை. முடிவு உங்களுடையது, நன்றாக யோசித்தே சொல்லுங்கள், யாரைச் சொன்னாலும் ஒருத்தி அழுவாள். ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் இன்னும் மாத்திரை போடவில்லை.