எங்கள் வீட்டு நிரலுக்கு ஒரு விலக்கு

மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றும் கருவிக்கு இயங்குதளம் எழுதியவன் நான். அதற்குள் பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று மருந்தின் அளவைக் கவனிக்கும். ஒன்று அந்த எண்ணைத் திரையில் காட்டும். ஒன்றின் நினைவகத்தில் இன்னொன்று கை வைக்கக் கூடாது. அந்த உரிமை தளத்துக்கு மட்டுமே. இந்தச் சட்டத்திலிருந்து எங்கள் வீட்டார் எழுதியவற்றுக்கு விலக்கு கொடுத்திருந்தேன். சோதனையெல்லாம் வெளியாட்களுக்கு. சொந்த ரத்தத்தைச் சோதிப்பது அவமானம். இந்த எண்ணத்தில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

சோதனை மேசையிலிருந்த கருவியை மருமகள் என் பக்கம் திருப்பினாள்.

"மாமா, மருந்து அளவை அஞ்சுன்னு வெச்சேன். ஒரு மணி நேரத்துல உள்ள அம்பது ஆயிருக்கு. சின்ன மாமாவோட திரை நிரல் எல்லை தாண்டிப் போய் எழுதுது."

"ஊர்ல மழை பெய்யலன்னாலும் என் தலையிலதான் போடுவியாம்மா?" என்றான் என் தம்பி.

"விழப்போறது நோயாளி தலையில. விலக்கை எடுத்துடுங்க மாமா. யாரு தாண்டினாலும் தளம் நிறுத்தட்டும். தாண்டினது யாருன்னு பேரோட மணி அடிக்கட்டும்."

தம்பியின் சிரிப்பு நின்றது. "அண்ணா, ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் என் பேரா?"

விலக்கை எடுத்தேன். எல்லை தாண்டும் நிரலைத் தளம் நிறுத்தும்படி எழுதினேன். மணியையும் பெயரையும் மட்டும் எழுதவில்லை. வீட்டு விஷயம் வீட்டோடு போகட்டும். மருமகளிடம், எல்லாம் முடிந்தது என்றேன்.

மறுவாரம் கருவி வார்டுக்குப் போனது. நானும் தம்பியும் கட்டிலருகே நின்றோம். படுத்திருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர்.

"மெதுவா ஏத்தும்மா, எனக்கு எங்கயும் போற அவசரமில்ல," என்றார் செவிலியிடம்.

மருத்துவர் அளவை எட்டாக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். செவிலி குமிழைத் திருகினாள். திரையில் ஐந்து.

"நகர மாட்டேங்குதே." மறுபடி திருகினாள். அப்போதும் ஐந்து.

எனக்குப் புரிந்துவிட்டது. தம்பியின் நிரல் எல்லை தாண்டியிருக்கிறது. தளம் அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டது. திரையில் நிற்பது பழைய எண். உள்ளே அளவோ ஒவ்வொரு திருகலுக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது.

தம்பி தரையைப் பார்த்தான். குழாயில் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாகத் தொடங்கின.

"சார், உங்க மெஷின்தானே? சரியாத்தானே இருக்கு?" என்றாள் செவிலி.

"எங்க வீட்டுத் தயாரிப்பும்மா," என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு இன்னொரு சுற்று திருகினாள்.