திறப்பு விழா கண்ட அறை

ஆடிட்டர் கண்ணாடி முன் நின்று மறுபடியும் தலையை வாரிக்கொண்டார். வாருவதற்கு அங்கே அதிகம் இல்லை என்பது வேறு விஷயம். இருந்ததை இந்தக் காதுப் பக்கத்திலிருந்து அந்தக் காதுப் பக்கத்துக்குப் பாலம் போட்டு ஒப்பேற்றிவிட்டார்.

"நேரமாச்சுப்பா. உங்க தலையையா எடுக்கப்போறோம்? பிள்ளைங்க கம்ப்யூட்டர் படிக்கிறதைத்தானே எடுக்கப்போறோம்" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"கடைசியில நானும் ரெண்டு வார்த்தை பேசணும்மா" என்றார் அவர்.

விஷயம் இதுதான். ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியவர் என்று அவருக்கு விருது கொடுக்க முடிவு செய்திருந்தது. விழாவில் போட்டுக் காட்ட ஒரு வீடியோ கேட்டிருந்தார்கள். போன வருடம் தன் ஆபீஸுக்குப் புது கம்ப்யூட்டர்கள் வாங்கியபோது, பழையவற்றை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அவர் கொடுத்துவிட்டார். ரிப்பன் வெட்டினார். பேர் பொறித்த பளிங்குக் கல்லைத் திறந்து வைத்தார். அதோடு சரி, பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போகும் வழியில்தான் பள்ளிக்கு ஃபோன் செய்தார். கார் உள்ளே நுழையும்போது, பிள்ளைகள் பெரிய டீச்சர் என்று கூப்பிடும் தலைமையாசிரியை, கையில் சாவியோடு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஒரு பத்து நிமிஷம் இருங்க சார். பிள்ளைங்களை ரெடி பண்ணிடறேன்."

வராந்தாவில் ஒரு வகுப்பு தரையில் உட்கார்ந்திருந்தது. கரும்பலகையை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். காற்றில் பறக்கும் தாள்களை முழங்காலால் அமுக்கிக்கொண்டு பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"பாரு, நல்லாக் காத்தோட்டமா உக்காந்து படிக்கிறாங்க. நீங்கல்லாம் ஏசி இல்லைன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்கறீங்க" என்றார் ஆடிட்டர் மகளிடம்.

பெரிய டீச்சர் அதே வகுப்பிலிருந்து சில பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார். பூட்டிக் கிடந்த அறை திறந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே பிள்ளைகள் ஓடிப்போய் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். முதுகு நிமிர்ந்தது, விரல்கள் கீபோர்டில் ஏறின, டக டகவென்று அறையே அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு வாயாடிப் பெண் மட்டும் தட்டிய தட்டில் மேசை ஆடியது. ஆடிட்டருக்கு மனசு குளிர்ந்துபோனது.

ஃபோனில் எடுத்துக்கொண்டே வந்த மகள் நின்றாள்.

"அப்பா, ஸ்கிரீன் எல்லாம் கறுப்பா இருக்கு."

"ஆன் பண்ணச் சொல்லும்மா."

தட்டும் சத்தம் நின்றது. பிள்ளைகள் பெரிய டீச்சரைப் பார்த்தார்கள்.

"கரண்ட் இல்ல சார்" என்றார் அவர்.

எல்லோர் தலைக்கும் மேலே மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. மகள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள். ஆடிட்டரும் பார்த்தார். பெரிய டீச்சர் தரையைப் பார்த்தார்.

வாயாடிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இது ஓடவே ஓடாது சார். இதுக்கு மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு மெக்கானிக் அண்ணன் சொல்லிட்டாரு. யாராவது பார்க்க வந்தா நாங்க சும்மா தட்டுவோம்."

ஆடிட்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன டீச்சர் இது? எங்க ஆபீஸ்ல ஜம்முன்னு ஓடிட்டிருந்த மெஷினுங்க. வாங்கி வச்சு ஒழுங்காப் பார்த்துக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"ஹார்ட் டிஸ்க்கை எல்லாம் கழட்டிட்டுத்தான் அனுப்பியிருந்தாங்க சார்" என்றார் பெரிய டீச்சர் மெதுவாக. "உங்க ஆபீஸுக்கு ஃபோன் பண்ணேன். மேனேஜர்தான் பேசினாரு. ஓசியில வந்ததுக்கு இவ்வளவு கேள்வியான்னு கேட்டாரு. அப்புறம் நான் பேசல."

மேனேஜரைத் திட்டத்தான் ஆடிட்டர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

கழற்றச் சொன்னது அவரேதான். 'கிளையண்ட் கணக்கு ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது. டிஸ்க்கைக் கழட்டிட்டு அனுப்பு' என்று சொன்ன குரல் அவருடையது. 'புதுசு வாங்கிப் போட்டுடலாமா சார்' என்று அந்த மேனேஜர் கேட்கக்கூடச் செய்தார். 'அங்கே போய் யாரு பார்க்கப்போறா, விடு' என்றவரும் இவர்தான். வாடிக்கையாளர்களின் கணக்கை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிய மனிதருக்கு, இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்?" என்றாள் மகள்.

"யார்கிட்டம்மா சொல்றது? குறை சொன்னா அடுத்தவங்க எதுவும் குடுக்க வரமாட்டாங்க. பேரைப் பொறிச்சுக் கல்லு வேற வச்சாச்சு. தூக்கிப் போட்டா நன்றி கெட்டவங்கன்னு பேர் வரும்." அவர் பிள்ளைகளைப் பார்த்தார். "பிள்ளைங்களுக்கு நான் எதை ஒழுங்காச் சொல்லிக்கொடுத்தேனோ இல்லையோ, நடிக்கச் சொல்லிக்கொடுத்துட்டேன். வெட்கமாத்தான் இருக்கு."

வாயாடி எழுந்து நின்றாள். "சார், எங்க ரூமை எப்ப திருப்பித் தருவீங்க?"

"எந்த ரூம்?"

"இதுதான் சார் அஞ்சாங்கிளாஸ். இதெல்லாம் வந்ததுலேர்ந்து நாங்க வராந்தாவுலதான் இருக்கோம். மழை வந்தா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. என் பக்கத்துல உக்கார்றவ இப்ப வர்றதே இல்ல. மழைக்கு மழை திருப்பி அனுப்புற பள்ளிக்கூடம் எதுக்குன்னு அவங்கம்மா நிறுத்திட்டாங்க."

அவள் குற்றம் சாட்டவில்லை. இரவல் கொடுத்த பென்சிலைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். காத்தோட்டம் என்று தான் சொன்னது ஆடிட்டர் காதில் ஒலித்தது. மகள் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இதை அழிச்சிடவாப்பா?" ஃபோனைக் காட்டிக் கேட்டாள் மகள். குரலில் இரக்கம் கொஞ்சம்கூட இல்லை.

ஆமாம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினார்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும். சங்கத்துல இதைத்தான் காட்டணும்."

சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் மானிட்டரை அவரே தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார். பின்னாலேயே பிள்ளைகள் வயர்களையும் கீபோர்டுகளையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. அறை காலியானதும் கரும்பலகையை உள்ளே கொண்டு வந்தார்கள்.

"அந்தக் கல்லையும் கழட்டிடுங்க டீச்சர்" என்றார் ஆடிட்டர்.

"என் பக்கத்துல உக்கார்றவகிட்ட போய்ச் சொல்லலாமா, ரூம் வந்துருச்சுன்னு?" என்று வாயாடி பெரிய டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தத் தோழியின் வீடு பள்ளிக்குப் பின்தெருவில்தான் இருந்தது. ஆடிட்டரும் மகளும்கூட அவர்கள் பின்னால் நடந்தார்கள். வாசலில் மேசை போட்டு ஒரு பெண் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள், இடுப்பில் தம்பிப் பாப்பாவோடு நின்றாள். தோழியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அம்மாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பெரிய டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"இன்னைக்கு ரூம் இருக்குன்றீங்க டீச்சர். நாளைக்கு இன்னொரு பெரிய மனுஷன் வந்து, அவர் வீட்டுல அடைசலாக் கிடக்கறதைக் கொண்டாந்து குடுப்பாரு. மறுபடியும் பிள்ளைங்களைத்தானே வெளிய போடுவீங்க?"

ஆடிட்டர் யாரென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கூட வந்தவர்போல நின்றுவிட்டுப் போயிருக்கலாம். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெரிய மனுஷன் நான்தாங்க" என்றார்.

தேய்ப்புப் பெட்டி நின்றது. அந்த அம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எனக்கு வேண்டாததைக் கழிச்சுவிட்டுட்டு, அதுக்கு உதவின்னு பேர் வச்சுக்கிட்டேன். உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல. கேக்காம குடுக்கறது உதவி இல்லீங்க. அது நம்ம பெருமைக்கு நாமளே பண்ணிக்கிற செலவு. அதுக்கு உங்க பிள்ளை படிப்பை நிறுத்த வேண்டியதாப் போச்சு." அவர் சிறுமியைப் பார்த்தார். "இப்ப கேக்கறேன். என்ன இருந்தா இவளை அனுப்புவீங்க?"

அந்த அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"ரூம் மட்டும் இருந்தாப் போதுமா? இவ போயிட்டா இந்தப் பொடிசை யாரு பார்த்துக்கறது? சுடுற தேய்ப்புப் பெட்டிக்குப் பக்கத்துல விட முடியுமா? இந்தத் தெருவுல பாதிப் பொண்ணுங்க நிக்கறதே இதுக்காகத்தான். பள்ளிக்கூடத்துலயே இதுங்களைப் பார்த்துக்க ஒரு ஆளும் ஒரு மூலையும் இருந்தா, அனுப்பாம நான் ஏன் வச்சிருக்கப்போறேன்?"

பணம் கேட்பாள், பை கேட்பாள், புத்தகம் கேட்பாள் என்றெல்லாம் ஆடிட்டர் வழியில் கணக்குப் போட்டிருந்தார். இது அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

"செஞ்சிடலாங்க. நாளைக்கே ஆளைப் பார்த்துடறேன்."

"நாளைக்குத்தானே? அப்ப இன்னைக்கு?" என்ற அந்த அம்மா, மகள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கி அப்படியே ஆடிட்டர் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு நீங்க வச்சிருங்க. ஏய், நீ போய்ப் பையை எடு."

அந்தச் சிறுமி உள்ளே பாய்ந்து பையோடு திரும்பினாள். இரண்டு சிறுமிகளும் கையைக் கோர்த்துக்கொண்டு தெருமுனையில் மறைந்தார்கள். ஆடிட்டர் குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவர் தலையில் போட்டிருந்த பாலத்தைப் பிடித்துக் கலைத்துவிட்டுச் சிரித்தது.

மகள் ஃபோனைத் தூக்கினாள். அப்பாவின் கலங்கிய கண்களைப் பார்த்ததும், எடுக்காமலே அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.